‘இல்லை’ இலவசம், ‘ஆமாம்’ ஐந்து லட்சம்

“அண்ணா, பி.இ. மெக்கானிக்கல், 2019 பாஸ்அவுட். கனடா போகலாமா?”

கேள்வி இவ்வளவுதான். வயது என்ன, எத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறார், ஆங்கிலத் தேர்வு எழுதினாரா, கையில் எவ்வளவு இருக்கிறது, படிக்கப் போகிறாரா பிழைக்கப் போகிறாரா, தனியாகவா குடும்பத்தோடா என்று ஒரு விவரமும் கிடையாது. இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார் தம்பி. விடிவதற்குள் அருள்வாக்கு வந்துவிடும். “தாராளமா போகலாம் ப்ரோ” என்கிறார் ஒருவர். “கனடாலாம் முடிஞ்சுபோச்சு ப்ரோ, ஜெர்மனி பாருங்க” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். எதற்கென்று அவருக்கே தெரியாது. நான்காமவர்தான் தொழில் தெரிந்தவர். “தம்பி, தனியா மெசேஜ் பண்ணுங்க, பேசிக்கலாம்” என்கிறார்.

அந்த நான்காமவருக்காகத்தான் குழுவே நடக்கிறது. மற்ற ஆயிரம் பேரும் அவருடைய கடைவாசல் கூட்டம்.

தம்பி கேட்க மறந்ததையெல்லாம் கனடா அரசு தன் இணையதளத்தில் ஒழுங்காகக் கேட்டு வைத்திருக்கிறது. வயதைப் போடு, படிப்பைப் போடு, மொழித் தேர்வில் வாங்கியதைப் போடு, வேலை அனுபவத்தைப் போடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 1,200க்கு உனக்கு இத்தனை என்று ஒரு எண்ணைத் தருகிறது. பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு அழைக்கப்பட்டவர்களில் கடைசி ஆள் வாங்கிய மதிப்பெண் என்ன என்பதையும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதே தளத்தில் போடுகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடும். கட்டணம் இல்லை. கழித்தல் கணக்கை, எனக்குத் தெரிந்தவரை, மெக்கானிக்கல் என்ஜினியரிங் சேருவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

தம்பி அந்தப் பக்கம் போகமாட்டார். சோம்பேறி என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், அது நியாயமாகாது. தனக்குப் பிடித்த நடிகரின் படம் செங்கல்பட்டு ஏரியாவில் எத்தனை கோடி, மதுரை ஏரியாவில் எத்தனை கோடி என்று ஆதாரத்தோடு வாதாடத் தெரிந்த பிள்ளை அவர். தேடத் தெரியும், படிக்கத் தெரியும், ஒப்பிடவும் தெரியும். அரசாங்கப் பக்கத்தைத் திறந்தால் பதில் கிடைத்துவிடும் என்பதுதான் அவருக்குப் பயம். அந்தப் பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றிருக்கும். சில நேரம் ‘இன்னும் இரண்டு வருடம் உழைத்துவிட்டு வா’ என்றிருக்கும். இரண்டையும் கேட்க அவர் தயாரில்லை. யாராவது ஒரு புண்ணியவான் ‘ஆமாம்’ என்று சொல்லும்வரை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குப் பெயர் விசாரிப்பது இல்லை, தன்னை ஏமாற்ற ஆள் தேடுவது. இந்தச் சந்தையின் மொத்தக் கணக்கும் அவ்வளவுதான்: ‘இல்லை’ இலவசமாகக் கிடைக்கிறது, ‘ஆமாம்’ வேண்டுமென்றால் ஐந்து லட்சம் ஆகும்.

பெண்ணுக்கு ஒரு வரன் வந்தால் நம் குடும்பங்கள் என்ன பாடு படுத்துகின்றன! பையன் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடை வரைக்கும் ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். சொந்த வீடா ஒத்தி வீடா, அத்தை ஏன் பிறந்த வீட்டோடு வந்துவிட்டாள், தாத்தா எதனால் இறந்தார், பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை உண்டா என்று மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அதே குடும்பம்தான், ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்ற பணத்தை, பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் சுழல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், அவருடைய முழுப்பெயர்கூடத் தெரியாமல், மஞ்சள் பையோடு கொடுத்துவிட்டு வருகிறது. ரசீதா? “சேச்சே, அவரு ரொம்ப நல்ல மாதிரிங்க. காபியெல்லாம் வரவழச்சுக் குடுத்தாரு.”

அந்த மாடியறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவரில் சுதந்திர தேவி சிலை, மேசையில் பத்து நாட்டுக் குட்டிக் கொடிகள், கண்ணாடிக் கதவில் ‘100% விசா உத்தரவாதம்’. அங்கே நடக்கும் பேச்சு திருச்சியானாலும் திருநெல்வேலியானாலும் மாறுவதில்லை.

“தம்பி, பையனுக்கு விசா கண்டிப்பா கெடச்சிருங்களா?”

“நூறு பர்சன்ட்டுங்கய்யா. உள்ள நம்ம ஆளு இருக்காரு.”

“பேங்க்ல அவ்ளோ பணம் இல்லீங்களே…”

“அத நாங்க காட்டிக்கிறோம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

‘உள்ளே’ என்று அவர் சொல்வது எந்த உள்ளே? விண்ணப்பத்தையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கைரேகை எடுத்துக்கொள்ளும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு விசா கொடுக்கும் அதிகாரமே கிடையாது. முடிவெடுப்பது அந்தந்த நாட்டு அதிகாரி. இதை வி.எஃப்.எஸ். நிறுவனமே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. அங்கே ‘நம்ம ஆளு’ ஒருவர் இருந்தாலும், அவரால் ஆகக்கூடிய உதவி கியூவில் எங்கே நிற்கவேண்டும் என்று கைகாட்டுவதுதான்.

‘அத நாங்க காட்டிக்கிறோம்’ என்பதற்கு இன்னும் அழகான அர்த்தம் உண்டு. போலி வங்கிக் கணக்கு அறிக்கை. கனடாவின் குடிவரவுச் சட்டப்படி, விண்ணப்பத்தில் பொய் இருந்தால் விண்ணப்பித்தவர் ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. விண்ணப்பித்தவர் என்றால் பையன். சுழல் நாற்காலிக்காரர் பெயர் அந்தத் தாளில் எங்குமே இருக்காது. பதிவுபெற்ற ஆலோசகராக இருந்தால்தானே பெயரைப் போட? பதிவுபெற்ற கனடிய ஆலோசகர்களின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் தேடினால் மருந்துக்கடை மாடி வராது. ஆகமொத்தம் ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருடத் தடை. வருடத்துக்கு ஒரு லட்சம். இவ்வளவு நேர்மையான விலைவிகிதம் வேறெந்தத் தொழிலிலும் கிடையாது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்களுக்கு நடந்ததைத் தேடிப் படியுங்கள். கல்லூரியில் இடம் கிடைத்ததாக ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த கடிதங்களோடு வருடக்கணக்குக்கு முன்பே போய் இறங்கியவர்கள் அவர்கள். இறங்கியதும் ‘அந்தக் கல்லூரியில் இடம் போய்விட்டது, வேறொன்றில் சேர்ந்துகொள்’ என்று ஏஜென்ட்டிடமிருந்து தகவல் வந்தது. சேர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்கும் போனார்கள். பி.ஆர்.க்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதமே போலி என்று தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. வீதியில் கூடாரம் போட்டுப் போராடினார்கள். அவர்களில் பலர் உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், கல்லூரியின் முகவரிக்கு ‘எனக்கு இடம் கொடுத்திருக்கிறீர்களா?’ என்று ஒரு மின்னஞ்சல் போட எவ்வளவு செலவாகியிருக்கும்? அந்த மின்னஞ்சலை இப்போது கனடா அரசே போட்டுக்கொள்கிறது. 2023 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் சம்பந்தப்பட்ட கல்லூரியிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் கோப்பு நகர்கிறது. மாணவன் செய்திருக்கவேண்டிய வேலையை அந்நிய நாட்டு அரசாங்கம் செய்கிறது. வெட்கப்படுவது யார் பொறுப்பு என்று தெரியவில்லை.

பதில் சொல்கிறவர்கள் பக்கம் வருவோம். இந்த நாட்டில் தெரியாது என்று சொல்லத் தெரிந்த மனிதரை நான் குடிவரவு விஷயத்தில் சந்தித்ததே இல்லை. “எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் போனான்” என்று ஆரம்பிப்பார்கள். போனவன் எந்த வருடம் போனான், என்ன விசாவில் போனான், இப்போது என்ன செய்கிறான், எதுவும் கேட்கக்கூடாது. போகமுடியாமல் திரும்பியவன் எந்தக் குழுவிலும் வாய் திறப்பதில்லை என்பதால், போனவனின் கதை மட்டுமே ஊர்சுற்றுகிறது. யூடியூபில் பனி பெய்யும் தெருவில் நடந்தபடியே ஒருவர் பேசுவார்: “மனைவி படிக்கட்டும், நீங்க வேலைக்குப் போங்க, மூணே வருஷத்துல பி.ஆர்.” நல்ல யோசனைதான், 2021இல். அதற்குப் பிறகு கனடாவில் என்ன நடந்தது?

கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கென்று மாணவர் காட்டவேண்டிய தொகை அதுவரை 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895. அதே 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வந்தது. நம் ஊர் ஏஜென்ட்டுகள் மந்திரம்போல உச்சரித்த எஸ்.டி.எஸ். என்ற துரிதத் தடம் 2024 நவம்பர் 8 அன்று அறிவித்த கையோடு மூடப்பட்டது. படிக்கும்போது வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே வேலை பார்க்கக்கூடாது. மனைவி படிக்கக் கணவன் சம்பாதிக்கும் திட்டத்துக்கு 2025 ஜனவரி 21 அன்று கத்தரி விழுந்தது: முனைவர் படிப்பு, குறைந்தது 16 மாத முதுகலைப் படிப்பு, இன்னும் சில தொழிற்படிப்புகள் போன்றவற்றில் சேர்ந்திருந்தால்தான் துணைக்கு வேலை அனுமதி. பனித்தெரு அண்ணன் இதற்கெல்லாம் புதிய வீடியோ போட்டாரா? போட்டிருக்கலாம். ஆனால் பழையதை எடுத்துவிடவில்லை. அதற்குத்தான் பார்வைகள் அதிகம்.

இந்த வரிசையில் என்னை மிகவும் சிரிக்கவைத்தது எல்.எம்.ஐ.ஏ. கதை. கனடிய முதலாளி ஒருவர் வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க வாங்கவேண்டிய அனுமதி அது. கட்டணம் 1,000 டாலர், அதை முதலாளிதான் கட்டவேண்டும், வேலைக்கு வருபவரிடம் வசூலிக்கக்கூடாது என்பது சட்டம். நடைமுறையில் அது பத்து மடங்கு, இருபது மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. காரணம், அந்தக் காகிதம் இருந்தால் பி.ஆர். கணக்கில் 50 புள்ளி கூடும். நம் ஆட்கள் தாலியை அடகு வைத்தெல்லாம் புள்ளி வாங்கினார்கள். 2025 மார்ச் 25 அன்று, வேலை வாய்ப்புக்கான புள்ளிகளையே கனடா நீக்கிவிட்டது. லட்சங்கள் ஒரே நாளில் பூஜ்யம். இப்படி நீக்கப்போவதை அந்நாட்டு அரசு 2024 டிசம்பரிலேயே எல்லோரும் பார்க்கும்படி அறிவித்திருந்தது. அதைப் படித்தவர் விற்றார், படிக்காதவர் வாங்கினார்.

அமெரிக்காவைப் பற்றிப் பேச அதிகமில்லை. எச்-1பி வேலை விசாவுக்கு நாமே விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம்தான் விண்ணப்பிக்கவேண்டும், வருடத்துக்குப் புதிதாக 85,000தான், அதுவும் குலுக்கலில் என்பது இருபது வருடமாகக் கோடம்பாக்கம் படங்களிலேயே வந்தாயிற்று. ‘கிரீன் கார்டு லாட்டரியில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது’ என்று வரும் மின்னஞ்சலுக்கு இன்றைக்கும் பணம் கட்டுகிறார்கள். அந்த லாட்டரியில் இந்தியாவில் பிறந்தவர்கள் பொதுவாகக் கலந்துகொள்ள முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை வருடாவருடம் பட்டியல் போட்டுச் சொல்கிறது.

இங்கே என் கோபத்துக்கு ஒரு வேலி போட்டுக்கொள்கிறேன். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். குண்டுக்கும் கைதுக்கும் தப்பி ஓடுகிறவர்களைப் பார்த்து ‘விதிமுறையைப் படித்தாயா?’ என்று கேட்பவன் மனிதனில்லை. அவர்களில் பலர் இன்று ஸ்கார்பரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்; இருக்கட்டும். ஆனால் அகதியாக வந்து முப்பத்தைந்து, நாற்பது வருடம் ஆன மாமா ஒருவர், நாமக்கல்லில் இருந்து மாணவர் விசாவுக்குக் கேட்கும் பையனுக்கு “வந்து இறங்கு தம்பி, மிச்சத்த பிறகு பாப்பம்” என்று ஆலோசனை சொன்னால், அன்பு இருக்கிறது, தகவல் இல்லை. வந்து இறங்கிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது, திரும்பும் டிக்கெட்டைத் தவிர.

அதேபோல, பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் குவைத்துக்குக் கொத்து வேலைக்குப் போகும் ராமநாதபுரத்துக்காரர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவருக்காக இந்திய அரசு ஒரு காவல் வைத்திருக்கிறது. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவருடைய பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஒப்பந்தம் என்ன, சம்பளம் என்ன, அனுப்புகிறவர் யார் என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் ‘புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்’ அதிகாரி பார்க்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு. பத்தாவது பாஸ் செய்துவிட்டால் இந்த அனுமதி தேவையில்லை. ஏனென்றால் படித்தவன் எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான், அவனுக்குக் காவல் எதற்கு என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை.

என்ன ஒரு நம்பிக்கை! 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்துக் கூட்டிப்போய், சட்டவிரோதமாக எல்லை தாண்டவைத்து மியான்மருக்குள் அடைத்து வைக்கிறார்கள் என்றது. அங்கே கிரிப்டோ மோசடிக்கும் கால் சென்டர் மோசடிக்கும் இவர்கள் கூலிகள். அடுத்த மாதமே, மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அடிபட்டு, ஷாக் வாங்கி வந்தவர்களைப் பார்த்துப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வராது. பரிகாசம் அவர்களுக்குப் பின்னால் போனவர்களுக்கு. அதற்கப்புறம் கம்போடியா வந்தது, லாவோஸ் வந்தது. அதே விளம்பரம், அதே சம்பளம், அதே ‘போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்’. தாய்லாந்தில் போய் இறங்கி வாங்கும் விசாவில் வேலை பார்க்க முடியாது, அதை வேலை அனுமதியாக மாற்றித் தரமாட்டார்கள் என்று 2022லேயே அமைச்சகம் எழுதிவிட்டது. எழுதியதைப் படிக்க ஒரு பட்டதாரியால் முடியவில்லை என்றால், பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிபெயர்வு அனுமதியையாவது கேட்டு வாங்கலாம்.

ரஷ்யாவுக்கு ‘உதவியாளர்’ வேலை என்று யூடியூப் வீடியோவை நம்பிப் போனவர்களை உக்ரைன் போர்முனையில் நிறுத்தினார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து பல ஊர்களில் சோதனை போட்டது. அதில் சென்னையும் உண்டு, மதுரையும் உண்டு. போர் நடக்கும் நாட்டு ராணுவத்தில் உதவியாளர் என்றால் எதற்கு உதவி என்று விமானம் ஏறும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்பவனை மட்டும் வறுத்துக்கொண்டிருந்தால் அரசாங்கத்துக்கு இந்தக் கட்டுரை இனிப்பாக இருக்கும். அது வேண்டாம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை. அபராதம் எவ்வளவு தெரியுமா? 2,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கும் தேசத்தில், லைசென்ஸ் இல்லாமல் மனிதர்களை ஏற்றுமதி செய்தால் 2,000. ஒரு பையனை அனுப்பினால் ஐந்து லட்சம் பார்க்கும் தொழிலுக்கு அது அபராதமில்லை, காபிச் செலவு. நாற்பது வருடமாக இந்த எண்ணைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர் கண்ணாடிக் கதவில் ‘100% உத்தரவாதம்’ எழுதி வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை தேவையில்லை, காவலர் ஒருவர் மாடிப்படி ஏறினால் போதும். அமைச்சர்களின் படத்தை ஒட்ட இடமுள்ள பேருந்து நிலையச் சுவர்களில், ஏஜென்ட் எவ்வளவுதான் வாங்கலாம் என்ற எண்ணை எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. தமிழ்நாடு அரசுக்கே ‘ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்’ என்று ஒரு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, வெளிநாட்டு வேலைக்கு முறைப்படி ஆள் அனுப்பத்தான். கிண்டியில் அது இருப்பது ஏஜென்ட்டுகளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?

தேடிப் பார்த்தும் ஏமாந்தவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. இணையதளம் இருந்தது, அரசின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருந்தது. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே நடத்திய பொம்மைப் பல்கலைக்கழகம் அது. 2019 ஜனவரியில் 130 மாணவர்களைக் கைதுசெய்தபோது அவர்களில் 129 பேர் இந்தியர்கள். அரசே விரித்த வலையில் அரசுப் பட்டியலை நம்பியவன் விழுந்தால் அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும், பணம் கட்டி மாதக்கணக்காகியும் ஒரு வகுப்புகூட நடக்காதபோது, ‘ப்ரோ, இது சரிதானே?’ என்று யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவேண்டிய இடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனமும் ‘ஆமாம்’ வாங்கிய மௌனம்தான்.

கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்: “ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கிவிட்டேன். பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டாயிற்று. இந்த சீசனில் சென்னையில் விண்ணப்பித்தவர்களுக்கு விசா கைக்கு வர எவ்வளவு நாள் ஆகிறது?” இதற்குப் பதில் எந்த அரசாங்கப் பக்கத்திலும் துல்லியமாக இருக்காது, போன மாதம் வாங்கியவருக்குத்தான் தெரியும். அவர் சந்தோஷமாகச் சொல்வார். முக்கியமாக, நம் நான்காமவர் இந்தக் கேள்வியின் பக்கமே வரமாட்டார். விற்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, ஏஜென்ட்டுக்குக் கமிஷனும் தருவதில்லை. அதனால்தான் மாடியறையில் உட்காரும் பிள்ளைக்கு எப்போதும் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரியே ‘பொருத்தமாக’ அமைகிறது.

படிக்க இல்லை, வேலைக்குத்தான் போகிறேன் என்பவர்களும் கேட்பதற்கு முன் பார்க்க ஓர் இடம் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு பதிவுபெற்ற ஏஜென்ட்டின் பெயரும் உரிம எண்ணும் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கின்றன. பதிவில்லாமல் தொழில் நடத்துவதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உரிம எண்ணை அவர் அலுவலகத்திலும் விளம்பரத்திலும் காட்டியாக வேண்டும். உங்களிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 35,400. ரசீது கொடுக்கவேண்டும். இதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவர், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி.